கிட்டங்கியும் மைய வங்கியும்: ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பொதுவாழ்வு

முன்னுரை

ஜெலுத்தோங்கிற்கு வடக்கே, ஜார்ஜ் டவுனின் பினாங்குத் தெருவில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இயங்கிவந்தன. ஒரே கூரையின்கீழ்ப் பல முகவர்கள் தத்தம் கைப்பெட்டியை முன்வைத்துக் கொடுக்கல் வாங்கலை நடத்திய இடங்கள் அவை. இம்மரபினரை வள்ளல்களாகவோ வட்டித் தொழிலராகவோ மட்டும் காண்பது வழக்கமாகிவிட்டது. இவ்விரு பார்வைகளும் தம்மளவில் முழுமையானவை அல்ல. அதே மரபில் தோன்றிச் சட்டமன்றத்திலும் அரசின் வங்கியிலும் இடம்பெற்ற ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் வாழ்வை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

வணிகமும் சட்டமன்றமும்

கானாடுகாத்தானில் 1881 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அவர், கடல் கடந்து பரவியிருந்த குடும்பத் தொழிலில் பயின்றவர். 1906இல் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்து, பலர் தம் சேமிப்பை இழந்தனர். அதன் எதிர்விளைவாக 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. அதனை நிறுவியதில் அவர்தம் தமையனார் இராமசாமிச் செட்டியாருக்கும் பங்குண்டு. குடும்பத்தின் நாணயத்தை நம்பி நடந்த தொழில், பங்குதாரர் நிறுவனமாக மாறத் தொடங்கிய காலம் அது. அக்காலத்திலேயே அண்ணாமலைச் செட்டியார் பொதுவாழ்வில் நுழைந்தார். 1910களில் சென்னை மாகாணச் சட்டமன்றத்திலும், பின்னர் டில்லியில் இந்தியச் சட்டமன்றத்தின் மேலவையான கவுன்சில் ஆஃப் ஸ்டேட்டிலும் உறுப்பினரானார்.

அரசின் வங்கி

வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாண வங்கிகள் 1921இல் இணைந்து இம்பீரியல் வங்கியாயின. நாணயத்தாள் வெளியிடும் உரிமை அரசிடமே இருந்தது. எனினும் அரசின் கணக்குகளைப் பேணுதல் போன்ற மைய வங்கிப் பணிகளை அவ்வங்கியே ஆற்றியது. 1935 ஏப்ரல் 1இல் ரிசர்வ் வங்கி தொடங்கும்வரை இந்நிலை நீடித்தது. அதன் ஆளுநர்களுள் ஒருவராக அண்ணாமலைச் செட்டியார் அமர்ந்தார். (அங்கு ஆளுநர் என்பது நிர்வாகக் குழு உறுப்பினரைக் குறிக்கும்.)

ஆயினும் ஒரு தனிமனிதர் கடந்த தொலைவை அவர்தம் தொழில்மரபு கடக்கவில்லை. பாரம்பரிய லேவாதேவியரைத் தன்னோடு இணைக்க ரிசர்வ் வங்கி 1937இல் ஒரு திட்டத்தை முன்வைத்தது. வங்கித்தொழில் அல்லாத வணிகத்தைக் கைவிட வேண்டும், கணக்குகளைத் திறந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளை அவர்கள் ஏற்கவில்லை. அதே ஆண்டில் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். விரைவில் பினாங்கிலும் அதன் கிளை அமைந்தது. கிட்டங்கி மரபினர் நவீன வங்கிக்குச் சென்ற மற்றொரு வழி இது.

கடனும் கல்வியும்

கடனின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது கடனாளிகள் திருப்பிச் செலுத்த இயலாது நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு. அப்பத்தாண்டின் இறுதியில் அது 25 விழுக்காட்டை எட்டியது. மலாயாவிலும் இத்தகைய அச்சமே, மலாய் ஒதுக்கீட்டு நிலங்களை மலாய்க்காரர் அல்லாதாரிடம் அடமானம் வைப்பதைத் தடுக்கும் 1933ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு ஒரு காரணமாயிற்று.

மறுபுறம், சிதம்பரத்தில் 1920இல் அவர் தொடங்கிய மீனாட்சி கல்லூரி, 20 இலட்சம் ரூபாய்க் கொடையுடன் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்குத் தமிழ் பயின்ற தனிநாயகம் அடிகளே பின்னர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற முன்னின்றார். நாம் பணியாற்றும் இத்துறையின் வரலாற்றிலும் அக்கொடையின் தடம் உண்டு.

முடிவுரை

1948 ஜூன் 15ஆம் நாள் அண்ணாமலைச் செட்டியார் மறைந்தார். கொடை பெற்றோரின் நன்றியையும் நிலமிழந்தோரின் இழப்பையும் ஒரே வரலாற்றின் இரு கூறுகளாக எழுதுதல் வேண்டும். வகுப்பறையில் நகரத்தார் வரலாற்றைக் கற்பிக்கும்போது, பல்கலைக்கழகத்தின் பெயரோடு கிட்டங்கியின் கணக்கேட்டையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்துவது நம் கடமையாகும்.