யார் தந்த அனுமதி? ஃபிளாட்பேக் பொதிகளும் அவற்றைக் கட்டுவோர் பொறுப்பும்

லினக்ஸ் கணினியில் படம் பார்க்கும் செயலி ஒன்றை ஃபிளாட்பேக் பொதியாக நிறுவுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முனையம் சில சொற்களை வரிசையாகக் காட்டித் தொடரலாமா என்று கேட்கிறது. நெட்வொர்க், எக்ஸ்11, ஹோம் என்று அந்த வரிசை நீள்கிறது. முழுதாகப் படிப்பவர் குறைவு. ‘ஒய்’ விசையைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இங்கே அனுமதி தந்தவர் யார்? தட்டியது நம் விரல்தான். ஆனால் ‘ஹோம்’ என்ற சொல்லை அங்கே எழுதிவைத்தவர் வேறொருவர். பல நேரங்களில் அவர் செயலியை எழுதியவர்கூட அல்லர். யாரோ எழுதிய செயலியைப் பொதியாகக் கட்டித் தந்தவர். அந்த மூன்றாம் மனிதரின் கையில் இருப்பது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொதியில் எழுதப்படும் அனுமதிப் பட்டியலைப் பயனரின் சம்மதமாகக் கொள்வது தவறு என்றும், செயலியின் பழைய பழக்கங்களைப் பற்றிப் பொதியாளர் தரும் வாக்குமூலமாகவே அதைப் படிக்க வேண்டும் என்றும் வாதிடுகிறேன். பயனரின் சம்மதம் உண்மையில் நிகழும் இடம் வேறு. அதற்குப் போர்ட்டல் என்று பெயர்.

யூனிக்ஸ் மரபில் காவல் என்பது ஆளுக்கும் ஆளுக்கும் இடையே போட்ட வேலி. ஒரே பெருங்கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்று ஒரு மடிக்கணினிக்கு ஓர் ஆள்தான். அவர் பெயரில் ஓடும் ஐம்பது நிரல்களுக்கு இடையே வேலியே இல்லை. சீட்டாட்டச் செயலி நினைத்தால் வங்கிக் கணக்கு அறிக்கையைப் படிக்கலாம்; தடுப்பார் இல்லை. எந்த நிரலும் தன் வேலைக்கு வேண்டிய அளவு உரிமையோடு மட்டுமே இயங்க வேண்டும் என்று சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இலேயே எழுதிவிட்டார்கள். அதே கட்டுரையில் அவர்கள் வைத்த இன்னொரு கொள்கை அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை: காவல் முறை மனிதர் இயல்பாகக் கையாளக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அது. ஃபிளாட்பேக்கின் வெற்றியும் தோல்வியும் இந்த இரண்டாவது கொள்கையில்தான் முடிவாகின்றன.

நிரல்களுக்கு இடையே அந்த வேலியைப் போடும் முயற்சியாக அலெக்சாண்டர் லார்சன் தொடங்கிய எக்ஸ்டிஜி-ஆப் என்னும் திட்டம் 2016 மே மாதம் ஃபிளாட்பேக் என்று பெயர் மாறியது. 2018 ஆகஸ்டில் 1.0 வெளிவந்தது. உள்ளே அடைப்பு (சாண்ட்பாக்ஸ்) கட்டும் வேலையைச் செய்வது பபிள்ரேப் என்ற சிறு நிரல். கெர்னலின் பெயர்வெளிகளைக் கொண்டு அது செயலிக்கென்று தனியாக ஒரு கோப்பு உலகத்தை உண்டாக்குகிறது. ஆபத்தான கெர்னல் அழைப்புகள் சிலவற்றை செக்காம்ப் வடிகட்டியால் அடைக்கிறது. செயலியின் சொந்தக் கோப்புகள் ஓரிடத்தில், குனோம், கேடிஇ போன்ற ரன்டைம்களிலிருந்து வரும் பொது நூலகங்கள் இன்னோரிடத்தில், இரண்டையும் படிக்க மட்டுமே முடியும். மற்றதெல்லாம் அதன் கண்ணில் படாது.

‘கண்ணில் படாது’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். பூட்டிய அறை வேறு, இல்லாத அறை வேறு. அடைப்புக்குள் இருக்கும் செயலி ஆவணங்கள் அடைவைத் தேடினால் ‘அனுமதி இல்லை’ என்ற பதில் வருவதில்லை. ‘அப்படி ஒன்று இல்லை’ என்றே வருகிறது. நண்பர் ஒருவர் எழுத்துச் செயலியொன்றின் ஹோம் அனுமதியைப் பறித்துவிட்டு மறுநாள் திறந்தார். சமீபத்திய கோப்புகளின் பட்டியல் முழுவதும் ‘கோப்பு இல்லை’ என்று காட்டவே, செயலி எல்லாவற்றையும் அழித்துவிட்டது என்று பதறி என்னை அழைத்தார். கோப்புகள் வைத்த இடத்திலேயே இருந்தன. இதைவிட மோசமான நிலையும் உண்டு. போர்ட்டலை அறியாத பழைய செயலி, தன் சொந்தச் சேமிப்புப் பெட்டியைத் திறந்து, அனுமதி பெறாத ஹோம் அடைவுக்குள் கோப்பை எழுதிவிடும். எழுதியது தற்காலிக நினைவகத்தில் நிற்கும். செயலியை மூடியதும் போய்விடும். இதற்காகவே ‘பெர்சிஸ்ட்’ என்றொரு கட்டளை இருக்கிறது. குறிப்பிட்ட துணை அடைவைச் செயலியின் தனி இடத்துக்குத் திருப்பிவிட்டு அங்கே நிலைக்கச் செய்வது அதன் வேலை. அனுமதியைக் குறைத்தால் பாதுகாப்பு கூடும் என்று மட்டும் நினைத்துப் பொதி கட்டுகிறவர், பயனரின் ஒருநாள் உழைப்பை அழித்துவிடக்கூடும்.

பொதியாளர் எழுதும் ஆவணத்துக்கு மேனிஃபெஸ்ட் என்று பெயர். ஜேசன் அல்லது யாமல் வடிவில் இருக்கும். செயலியின் அடையாளம், எந்த ரன்டைம், எந்தப் பதிப்பு, எந்த மூல நிரலை எப்படிக் கட்டுவது என்பவை அதன் பெரும்பகுதி. அதிலேயே ‘ஃபினிஷ்-ஆர்க்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் ஐந்தாறு வரிகள் நிற்கும். அனுமதிகள் அவைதான். ஒவ்வொரு வரியும் பார்வைக்குச் சின்னது. அதன் பரப்போ பெயரை வைத்து ஊகிக்க முடியாதது. ‘பல்ஸ்ஆடியோ’ என்றால் ஒலி கேட்பதற்கு என்று நினைப்போம். அதே சாக்கெட் வழியாக ஒலிவாங்கியும் திறந்துகொள்ளும். நெட்வொர்க் என்பது இணையத்தோடு நிற்காது. அந்தக் கணினிக்குள்ளேயே ஓடும் தரவுத்தளம், அச்சுச் சேவை எல்லாவற்றையும் எட்டும். இந்தத் தளத்துக்கு மட்டும் போகலாம் என்று எழுத வழியே இல்லை. 1987இல் பிறந்த திரை நெறிமுறையான எக்ஸ்11 இன்னும் வெளிப்படை. அதன் திரையில் ஒரு சாளரம் பெற்ற செயலி, பிற சாளரங்களில் தட்டப்படும் விசைகளைக் கேட்கலாம், தானே விசை தட்டவும் செய்யலாம். ஆகவே அதற்கு மாற்றாக வந்த வேலேண்டையும் எக்ஸ்11ஐயும் சேர்த்து எழுதிய பொதி, வேலேண்ட் திரையிலும் பழைய ஓட்டையைத் திறந்தே வைத்திருக்கிறது. ‘ஃபால்பேக்-எக்ஸ்11’ என்று எழுதினால் வேலேண்ட் இல்லாதபோது மட்டுமே அது திறக்கும். ஒரே ஒரு சொல்தான் வேறுபாடு. நெடுநாள் வரை எத்தனையோ மேனிஃபெஸ்ட்களில் அந்தச் சொல் இல்லை. முன்பு கட்டிய பொதியைப் பார்த்து அடுத்த பொதியைக் கட்டும் பழக்கமே காரணம்.

சில வரிகள் அனுமதி என்ற எல்லையையே தாண்டியவை. ஃபிளாட்பேக் சேவையின் பெயரோடு டி-பஸ் என்னும் செய்தித் தடம் வழியாகப் பேசலாம் என்று ஒரு வரி எழுதினால், செயலி அடைப்புக்கு வெளியே எந்தக் கட்டளையையும் ஓடவைக்கலாம். நிரல் எழுதும் கருவிகளுக்கு இது தேவைப்படுகிறது. அவை வெளியிலுள்ள கம்பைலரை அழைத்தாக வேண்டும். அப்படிப்பட்ட பொதியை சாண்ட்பாக்ஸ் என்று அழைப்பதை நிறுத்திவிடலாம். எழுதும் உரிமையோடு கூடிய ‘ஹோம்’ அனுமதியும் ஏறக்குறைய அதே வகைதான். பாஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும், பயனர் அடுத்த முறை முனையம் திறக்கும்போது அது வெளியே ஓடும்.

2018இல் எழுந்த கடுமையான விமர்சனம் இந்த இடத்தைத்தான் தாக்கியது. பெயர்பெற்ற செயலிகள் பல ஹோம் அனுமதியோடு வருகின்றன, செயலிக் கடையில் ‘சாண்ட்பாக்ஸ்’ முத்திரை குத்தப்பட்டிருக்கிறது, பொய்யான நிம்மதி பாதுகாப்பே இல்லாததைவிட மோசம் என்றது அது. முத்திரையைப் பற்றிய குற்றச்சாட்டு நியாயமானது. முடிவை மட்டும் நான் ஏற்கவில்லை. டெபியன் வகைப் பொதியை நிறுவும்போது அதிலுள்ள ஸ்கிரிப்ட் ரூட் உரிமையோடு ஓடுகிறது. ஃபிளாட்பேக் செயலிக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அதைவிட முக்கியமானது, பரந்த அனுமதி என்ற குறை எழுத்தில் இருக்கிறது. யாரும் வாசிக்கலாம், எண்ணலாம், திருத்தலாம். பழைய பொதிக்கும் அதே குறை உண்டு. ஆனால் அதை எங்கும் எழுதிவைக்கவில்லை என்பதால் யாரும் அதை விமர்சிக்கவும் இல்லை.

அந்த எழுத்தையும் முழுதாக நம்பிவிட முடியாது என்பதற்கு ஒரு சான்று. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சிவிஇ-2021-43860 என்னும் பிழையில், பொதியின் விவரக் கோப்பில் ஒரு வெற்று பைட்டைச் செருகினால், நிறுவும்போது பயனருக்குக் காட்டப்படும் அனுமதிகள் வேறாகவும் ஓடும்போது கிடைக்கும் அனுமதிகள் வேறாகவும் அமைய முடிந்தது. பிழை சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் பட்டியலை வாசித்துச் சம்மதிப்பது என்ற முறை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அது காட்டிவிட்டது.

போர்ட்டல் இயங்கும் விதம் வேறு. செயலி ‘ஒரு கோப்பு வேண்டும்’ என்று மட்டும் கேட்கிறது. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியைத் திறப்பது அடைப்புக்கு வெளியே இருக்கும் இன்னொரு ப்ராசஸ். அந்தப் பெட்டியில் பயனருக்குத் தன் கோப்புகள் அனைத்தும் தெரியும். செயலிக்கு ஒன்றும் தெரியாது. பயனர் ஒன்றைச் சொடுக்கியதும், பொருள் புரியாத எழுத்தெண் கோவையைப் பெயராகக் கொண்ட ஓர் அடைவுக்குள் அந்த ஒரு கோப்பு மட்டும் செயலியின் கண்ணில் தோன்றுகிறது. அனுமதி தருகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. தேர்ந்தெடுத்ததே அனுமதி. நார்ம் ஹார்டி 1988இல் எழுதிய குழம்பிய பிரதிநிதி பற்றிய கட்டுரையின் சாரம் இதுதான். அவர் சொன்ன கம்பைலர், தன் புள்ளிவிவரக் கோப்பை எழுதத் தனக்கிருந்த உரிமையை, பயனர் கொடுத்த ஒரு கோப்புப் பெயரோடு குழப்பிக்கொண்டு, கட்டணப் பதிவுகளை அழித்துவிட்டது. பெயர் ஓரிடத்திலிருந்தும் உரிமை வேறிடத்திலிருந்தும் வந்தால் இப்படித்தான் ஆகும். போர்ட்டல் இரண்டையும் ஒரே சொடுக்கில் கட்டிவிடுகிறது.

இனித்தான் சிக்கல். தொடக்கத்தில் பார்த்த படச் செயலிக்கே திரும்புவோம். போர்ட்டல் வழியாகத் திருமணப் படம் ஒன்றைத் திறந்தாயிற்று. வலப்பக்க அம்பைத் தட்டினால் அடுத்த படம் வர வேண்டும், வரவில்லை. செயலியின் உலகத்தில் அந்த அடைவில் ஒரே ஒரு கோப்புதான் இருக்கிறது. காணொளி இயக்கியில் படத்தைத் திறந்தால் அருகிலுள்ள வசன வரிக் கோப்பு கிடைப்பதில்லை. எச்டிஎம்எல் பக்கத்தைத் திறந்தால் அதன் படங்கள் வருவதில்லை. ‘கோப்பு’ என்று நாம் சொடுக்குவது பல நேரங்களில் அதன் சுற்றத்தையும் சேர்த்துத்தான். சுற்றத்தைக் குறிக்கப் போர்ட்டலிடம் சொல் இல்லை. அடைவையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழி பின்னர் வந்தது; ஆனால் ஒரு படத்தை இருமுறை சொடுக்கித் திறப்பவரிடம் முதலில் அடைவைக் காட்டு என்று எந்தச் செயலி கேட்கும்? ஆகவே பொதியாளர் பெருமூச்சுடன் ‘ஹோம்’ என்றோ அதைவிடப் பரந்த ‘ஹோஸ்ட்’ என்றோ எழுதிவிடுகிறார். ‘படிக்க மட்டும்’ என்ற பின்னொட்டைச் சேர்த்தால் பாதிக் கேடு குறையும். அதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் பொதியாளரைச் சோம்பேறி என்று திட்டுவது எளிது. நான் திட்டமாட்டேன், நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அந்த வரி செயலியின் வடிவமைப்பில் உள்ள ஒரு கடனைப் பதிவு செய்கிறது. கடனை அடைக்கும் வழி செயலியை மாற்றி எழுதுவதில் இருக்கிறது. குனோம் தரப்பில் உருவான கிளைசின் நூலகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பட வடிவங்களைப் பிரித்துப் படிக்கும் வேலைதான் ஆபத்தானது என்று கண்டு, அந்த ஒரு வேலையை மட்டும் தனி ப்ராசஸாக்கித் தனி அடைப்புக்குள் வைத்தார்கள். வெளிவேலி தளர்ந்தாலும் உள்ளே, நஞ்சு வரக்கூடிய இடத்தில் ஒரு வேலி நிற்கிறது.

விளையாட்டுக் கைப்பிடியின் கதை கடன் அடைவதற்கு எடுக்கும் காலத்தைக் காட்டும். கைப்பிடி வேலை செய்ய வேண்டுமானால் ‘எல்லாச் சாதனங்களும்’ என்று எழுதுவதைத் தவிர முன்பு வழியில்லை. வெப்கேமராவும் அதனோடு சேர்ந்து போனது. உள்ளீட்டுச் சாதனங்கள் மட்டும் என்று குறிக்கும் சொல் நிலையான பதிப்புகளில் 1.16இல்தான் வந்தது. டெபியன் 12இல் இருப்பது 1.14. அதற்கு அந்தச் சொல் புரியாது. இரு பதிப்புகளிலும் ஓட வேண்டிய பொதி பழைய பெருஞ்சொல்லையே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஸ்னாப் என்னும் இன்னொரு பொதி முறையைப் பற்றி விரிவாகப் பேசவில்லை. அங்கே எந்த இடைமுகம் தானாக இணையும் என்பதைக் கடை முடிவு செய்கிறது. அடைப்பின் வலிமை ஆப்பார்மர் என்ற கெர்னல் காவல் அமைப்பைச் சார்ந்திருக்கிறது. ஆப்இமேஜ் என்னும் மற்றொரு பொதி வகையில் அடைப்பே இயல்பாகக் கிடையாது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் வழக்கம் பயனற்றது.

தமிழில் எழுதுவோர்க்கு ஒரு குறிப்பு அவசியம். நம் எழுத்துருக்கள் அடைப்புக்குள்ளும் தெரியும்படி ஃபிளாட்பேக் தானே அவற்றை உள்ளே காட்டுகிறது. அதற்கென்று ஹோம் அனுமதி வேண்டியதில்லை. தமிழ் இடைமுகம் வரவில்லை என்றால் அனுமதியைத் தேடிப் பயனில்லை. கணினியில் அமைத்த மொழிகளுக்கான மொழிபெயர்ப்புகள் மட்டுமே இறங்கும். ஃபிளாட்பேக்கின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துப் பொதியைப் புதுப்பிக்க வேண்டும். இவற்றை அனுமதிச் சிக்கல் என்று தவறாகக் கருதிப் பரந்த அனுமதியைத் திறந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பயனர் கையில் ஆயுதம் இல்லாமலில்லை. பொதியாளர் எழுதியதைத் தன் கணினியில் திருத்தும் ‘ஓவர்ரைடு’ கட்டளை உண்டு; அதையே பொத்தான்களாகக் காட்டும் ஃபிளாட்சீல் செயலியும் உண்டு. ஆனால் இயல்பு நிலையை யார் எழுதுகிறாரோ அவரே பெரும்பாலோரின் பாதுகாப்பை முடிவு செய்கிறார். எனவே பொதி கட்டும் முறை பற்றி ஒரு நிலைப்பாடு எடுக்கிறேன். அனுமதி எதுவுமின்றிக் கட்டத் தொடங்க வேண்டும். செயலி உடைவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஒரு வரி சேர்க்க வேண்டும். அதை எழுதும் முன் அந்த வேலைக்குப் போர்ட்டல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஃபிளாட்பேக் பொதிகளின் கடையான ஃபிளாட்ஹப்பின் சரிபார்ப்புக் கருவி சில பரந்த அனுமதிகளைக் கண்டால் நிறுத்திக் காரணம் கேட்கிறது. விலக்கு பெற்றவற்றின் காரணங்கள் ஒரு கோப்பில் பதிவாகின்றன. ஆனால் அந்தக் காரணம் பயனர் பார்க்கும் பக்கத்துக்கு வருவதில்லை. அடுத்துப் பொதியைப் பராமரிக்க வருபவரும் அதை மேனிஃபெஸ்ட்டில் காண்பதில்லை. பொதி கட்டும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஒவ்வொரு அனுமதி வரிக்கும் மேலே, அது இல்லாவிட்டால் எந்த வசதி உடைகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். யாமலில் அதற்கு ஒரு ஹாஷ் குறி போதும்.