முத்துக்குளித்துறையில் கிறித்து பிறப்பு விழா: இருளும் ஒளியும்

தூத்துக்குடி கடற்கரையில் கிறித்து பிறப்புப் பெருவிழா வரும்போது வடகிழக்குப் பருவமழை முற்றிலும் ஓய்ந்திருப்பதில்லை. கடல் கலங்கியிருக்கும், தொழிலும் குறைந்திருக்கும். முற்காலத்தில் முத்துச்சிலாபம் பெரும்பாலும் கடல் அடங்கிய பங்குனி, சித்திரையில்தான் நடந்தது. ஆகவே இக்கரையில் வீட்டு முகப்பில் நட்சத்திர விளக்குத் தொங்கும் நாட்கள், பணம் புழங்கும் நாட்கள் அல்ல. இலங்கைத் தமிழர் இவ்விழாவை 'நத்தார்' என்பர். போர்த்துக்கேயரின் 'நத்தால்' என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது.

விவிலியத்தில் பிறப்புச் செய்தி இரவோடு பிணைந்தே வருகிறது. லூக்கா, இரவில் கிடை காத்த இடையர்களைச் சுற்றி ஒளி வீசியதைச் சொல்கிறார். மத்தேயு, ஞானியருக்கு வழி காட்டிய விண்மீனைச் சொல்கிறார். யோவான் பிறப்பு நிகழ்ச்சியையே விவரிக்காமல், இருளால் வெல்ல முடியாத ஒளியைப் பற்றிப் பேசித் தம் நூலைத் தொடங்குகிறார். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒளி மங்கிய ஆழத்தில் சிப்பி தேடிய குளியாளிகளுக்கு இந்த உருவகத்தை எவரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

பாதுகாப்பு தேடிய மக்கள்

இக்கரையின் பரதவர் 1536-37ஆம் ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். அதன் உடனடிக் காரணம் சமயத் தேடல் அன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசல்களில் நெருக்குண்டவர்கள் போர்த்துக்கேயரின் கடற்படைப் பாதுகாப்பை நாடினர். 1542இல் பிரான்சிசு சவேரியார் வந்தபோது, தாங்கள் கிறித்தவர் என்பதற்கு மேல் அம்மக்களுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்று அவரே மடலில் எழுதினார்.

சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களின் துணையுடன் மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைத் திரட்டினார். கற்ற சிறுவர்கள் வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சவேரியாரோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஊரூராகச் செய்தியைக் கொண்டு சேர்த்தவர்கள் இந்தப் பெயர் தெரியாத பிள்ளைகளே.

கொடிய சோதனை 1544இல் வந்தது. அவ்வாண்டு சூன் மாதம் வடுகர் குதிரைப்படை தென்கரையைச் சூறையாடியது. குமரிமுனைப் பகுதி மக்கள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பாறைகளில் ஒதுங்கிப் பசியிலும் தாகத்திலும் வாடினர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளைப் போகவிடவில்லை. பின்னர் அவர் கால்நடையாகவே அங்குச் சென்றார். அதே ஆண்டின் பிற்பகுதியில், எதிர்க்கரையான மன்னாரில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற பல நூறு பேர் யாழ்ப்பாண அரசனின் ஆணையால் கொல்லப்பட்டனர்.

அச்சில் ஏறிய தமிழ்

1546இல் வந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக இக்கரையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று இலக்கணமும் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது. பதினாறு பக்கங்களே கொண்ட இச்சிறு நூல்தான் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். 1586இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் 'அடியார் வரலாறு' என்ற பெருநூல் வந்தது. அச்சுச் செலவுக்குப் பரதவ மக்களே பொருள் திரட்டிக் கொடுத்தனர். படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலராக இருந்த காலத்தில், கடலில் உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய பணம் அது.

குருக்கள் இல்லாத காலம்

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், கோயில்கள் பறிக்கப்பட்டன. டச்சுச் சபையின் போதகர் பிலிப்பசு பால்தேயுசு மக்களைத் தம் சபைக்கு ஈர்க்க முயன்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. முன்பு பாதுகாப்புக்காக ஏற்ற சமயத்தை விட்டுவிடுவதுதான் அப்போது அவர்களுக்கு ஆதாயமாக இருந்திருக்கும். முத்துச்சிலாபமும் துறைமுகமும் டச்சுக்காரர் கையில் இருந்தன. ஆயினும் மக்கள் தங்கள் சாதித்தலைவரின் கீழ் ஒன்றாக நின்று, ஊருக்கு வெளியே சென்று திருப்பலி கண்டனர். நூறு ஆண்டுகளுக்கு முன் சிறுவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த மன்றாட்டு, வீட்டிலேயே வேர்விட்டிருந்தது. டச்சு ஆட்சி நீடித்தபோதே பனிமய மாதா கோயில் எழுந்து, 1713 ஆகத்து 5 அன்று அர்ச்சிக்கப்பட்டது.

அண்மைக் காலம்

2023 திசம்பர் 17, 18 தேதிகளில், விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில், மாவட்டத்தில் வரலாறு காணாத மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை கடந்தது. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நட்சத்திர விளக்குகள் தொங்க வேண்டிய தெருக்களில் இடுப்பளவு நீர் நின்றது. கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தனர். எதிர்க்காற்று இம்முறை இல்லை. தெரு வெள்ளத்தில் படகைச் செலுத்தி, வீடுகளில் சிக்கியிருந்தவர்களை இன்னார் எச்சமயத்தார் என்று கேட்காமல் ஏற்றி வந்தனர்.