லிஃப்ட்டில் இருந்த முதலாளி!

கிட்டத்தட்ட 40 வருஷம் தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணி. அதன் முதலாளியை ஊரே தலையில் வைத்துக் கொண்டாடியது என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் இரும்பாலை நகரம் பிட்ஸ்பர்க். அங்கே வளர்ந்த ஆர்ட் ரூனி, 1933-ல் 2,500 டாலர் கட்டி ஓர் 'அமெரிக்கன் ஃபுட்பால்' அணியைத் தொடங்கினார். நம்மூர் கால்பந்து இல்லை... முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது! 1940-ல் அணிக்கு 'ஸ்டீலர்ஸ்' என்று பெயர் மாறியது. அதிர்ஷ்டம் மட்டும் மாறவில்லை. 1944-ல், உலகப்போரால் ஆள் பற்றாக்குறை. சிகாகோ அணியோடு கூட்டு சேர்ந்து ஆடி, 10 மேட்சிலும் உதை வாங்கினார்கள்!

வேறு முதலாளியாக இருந்தால் அணியை விற்றுவிட்டுப் போயிருப்பார். ரூனி வீட்டைக்கூட மாற்றவில்லை. வசதியானவர்கள் புறநகருக்குக் குடிபோக, அக்கம்பக்கம் களையிழந்தது. அவரோ வாயில் சுருட்டோடு, அதே பழைய வீட்டிலிருந்து ஸ்டேடியத்துக்கு நடந்தே வருவார். புல் வெட்டும் ஊழியரிடமும் நின்று குசலம் விசாரிப்பார். ஊரில் யார் வீட்டில் சாவு என்றாலும் ரூனி ஆஜர்.

ராக்கி பிளையர் என்ற வீரர், 1969-ல் வியட்நாம் போரில் காலில் குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி ஆட முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்த நேரத்தில் ஒரு தபால் கார்டு வந்தது. அணி சரியாக ஆடவில்லை, நீ எங்களுக்கு வேண்டும் என்று ரூனி எழுதியிருந்தார். அவ்வளவுதான்! நொண்டிக்கொண்டு திரும்பிய பிளையரை அணி கைவிடவில்லை. அவரும் 1976-ல், ஒரே சீஸனில் 1,000 கெஜத்துக்கு மேல் பந்தோடு ஓடிக் காட்டினார்!

இப்போது 1972, டிசம்பர் 23-க்கு வாருங்கள். ஓக்லாண்ட் அணியுடன் நாக்-அவுட் மேட்ச். 22 விநாடிதான் பாக்கி. ஸ்டீலர்ஸ் 6-7 என்று பின்தங்கியிருந்தது. 'வழக்கம்போலத் தோல்விதான், பசங்களுக்கு ஆறுதல் சொல்வோம்' என்று ரூனி லிஃப்ட்டில் கீழே இறங்கினார். அதற்குள், மோதித் தெறித்த பந்தைத் தரையில் விழுமுன் பிடித்து ஓடினார் ஃபிராங்கோ ஹாரிஸ். 13-7! அணியின் சரித்திரத்திலேயே முதல் நாக்-அவுட் வெற்றி. 40 வருஷம் காத்திருந்த மனிதர் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

பிறகு அடைமழைதான். 1975 முதல் 1980-க்குள் நான்கு 'சூப்பர் பௌல்' கோப்பைகள்!

1988, ஆகஸ்ட் 25-ல், 87-வது வயதில் ரூனி காலமானார். இரண்டு வருஷம் கழித்து ரசிகர்களே பணம் போட்டு, கையில் சுருட்டோடு அவர் உட்கார்ந்திருக்கும் சிலையை ஸ்டேடிய வாசலில் வைத்தார்கள்.

அவர் மறைந்த சீஸன் முழுக்க வீரர்கள் அவருடைய இனிஷியலைச் சீருடையில் தைத்துக்கொண்டு ஆடினார்கள். 16 மேட்சில் 11 தோல்வி. ரூனி இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும். லிஃப்ட்டில் ஏறிக் கீழே இறங்கியிருப்பார்!