மூளை ஆபரேஷனுக்குப் பின் வாந்தி: டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டியது என்ன?

மதுரை வில்லாபுரத்திலிருந்து ராஜாஜி அரசு மருத்துவமனைக்கோ வேறெங்கோ மூளை ஆபரேஷனுக்குப் போறீங்களா? பஸ்ஸில் ஏறினாலே குமட்டும் என்றால், அதை மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடுங்க. பயண வாந்தி உள்ளவர்கள், பெண்கள், ஆச்சரியமாக, புகைபிடிக்காதவர்கள்... இவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் வாந்தி வரும் வாய்ப்பு அதிகம்.

தடுப்பு மருந்து தராவிட்டால், மண்டையோட்டைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் குமட்டலோ வாந்தியோ வரலாம். ஓங்கரிக்கும்போது தலைக்குள் அழுத்தம் ஏறும். ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. அதனால்தான் ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் ஊசிகளை ஆபரேஷன் நேரத்திலேயே போடுகிறார்கள். இரண்டாவது ஊசி ரத்த சர்க்கரையை ஏற்றும். சுகர் இருந்தால் மறைக்காதீங்க.

டாக்டர் சொல்லும்வரை காபி, இளநீர் எதுவும் கொடுக்கக் கூடாது. வாந்தியோடு தலைவலி கூடினாலோ, பேச்சு குழறினாலோ, கூப்பிட்டும் கண் திறக்காவிட்டாலோ ‘மயக்க மருந்து இன்னும் தெளியலை’ என்று இருந்துடாதீங்க. உடனே நர்ஸைக் கூப்பிடுங்க. சிடி ஸ்கேன் தேவைப்படலாம்.