சான்றிதழ் பேசாத இடத்தில் செய்த வேலை பேசும்

நேர்முகத் தேர்வுக்கு வருகின்ற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கோப்புகளில் சான்றிதழ்கள் நிறைய இருக்கும். ஆறு மாதப் பாடநெறி, ஒரு வருட டிப்ளோமா, ஆங்கிலப் பயிற்சி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். அவற்றில் சில, தாயின் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். "நீங்களாகவே செய்த ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேட்டால் பலர் மௌனமாகிவிடுகிறார்கள்.

கொழும்பில் மென்பொருள் பொறியியலாளராக வேலை செய்யும் நான், கடந்த சில ஆண்டுகளாகப் புதியவர்களைத் தெரிவுசெய்யும் குழுவிலும் இருக்கிறேன். அந்த மௌனம் எனக்கு நன்கு பழக்கமானது. 2009 இல் செட்டிகுளம் முகாமில் மரநிழலில் பாடம் படித்தவன் நான். கணினியை முதன்முதலாகத் தொட்டபோது எனக்கு 17 வயது. கொழும்புப் பிள்ளைகளுக்கு முன்னால் காட்டுவதற்கு என்னிடம் பெரிய பாடசாலையின் பெயரும் இல்லை, தெரிந்த ஆட்களும் இல்லை. எனக்கு வேலை கிடைக்கக் காரணமாக இருந்தது அம்மாவின் கடன் புத்தகம்.

மீள்குடியேறிய பின்னர் அம்மா 50,000 ரூபா நுண்கடன் எடுத்தார். வட்டி ஆண்டுக்கு 24 வீதம் என்றார்கள். 12 மாதங்களுக்கு மாதம் 5,167 ரூபா கட்ட வேண்டும். முதல் மாதம் மாதம் குறைந்துகொண்டு போனாலும், வட்டி மட்டும் கடைசிவரை முழு 50,000 ரூபாவுக்கே கணக்கிடப்பட்டது. குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி கணக்கிட்டுப் பார்த்தால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீதம். எங்கள் ஊரில் கணவனை இழந்த பெண்கள் பலர் இதே கணக்கில்தான் கையெழுத்திட்டிருந்தார்கள்.

படிக்கும் காலத்தில், இந்த உண்மையான வட்டியைத் தமிழில் காட்டும் சிறு பக்கம் ஒன்றைக் கைத்தொலைபேசிக்காகச் செய்தேன். இரண்டு நாளில் முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பெண்கள் பயன்படுத்தத் தொடங்கியபோதுதான் வேலையே ஆரம்பித்தது. வட்டி வீதத்தை எழுதச் சொன்னேன். அது அவர்களுக்குத் தெரியாது, புத்தகத்தில் தவணைத் தொகை மட்டுமே இருந்தது. எனவே கையில் கிடைத்த தொகை, ஒரு தவணை எவ்வளவு, எத்தனை தவணை ஆகிய மூன்றை மட்டும் கேட்கும்படி மாற்றினேன். சிலருக்கு வாராந்தத் தவணை. அதற்காகக் கணக்கைத் திருப்பி எழுதினேன். சிலரிடம் ஆவணச் செலவு என்று முன்கூட்டியே பணம் கழித்திருந்தார்கள், அதையும் சேர்த்தேன்.

பிறகு சதக் கணக்குப் பிழைத்தது. கணினி தசம எண்களை இரும எண்களாக வைத்திருப்பதால், ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் சரியாக 0.3 வராது. பணத்தைச் சதங்களாக, முழு எண்ணில் வைத்துக் கணக்கிட வேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன். சிக்னல் குறைந்த இடத்திலும் பக்கம் திறக்க வேண்டும் என்பதால் படங்களையெல்லாம் அகற்றினேன்.

என் முதல் நேர்முகத் தேர்வில் பெரும்பகுதி நேரம் இந்த ஒரு பக்கத்தைப் பற்றியே போனது. எங்கே பிழைத்தது, எப்படிக் கண்டுபிடித்தாய், ஏன் இப்படி மாற்றினாய் என்று கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது, ஏனென்றால் எல்லாம் நடந்தவை. இன்று மேசையின் மறுபக்கம் இருந்து நான் கேட்பதும் அதே கேள்விகளைத்தான்.

இதற்கு எங்கள் நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர், காணாமற்போனோர், நலன்புரி முகாம்கள், நிவாரண அமைப்புகள், தேவைகள் ஆகியவற்றைப் பதிவதற்கு இலங்கையின் கணினித்துறைத் தொண்டர்கள் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். மூலநிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாக வெளியிட்டார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிற்றி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது.

இத்தகைய திறந்த மூலத் திட்டங்களில் புதியவர்கள் உதவித்தொகையுடன் பங்குபற்ற, 2005 முதல் கூகுள் 'சமர் ஒவ் கோட்' என்ற நிகழ்ச்சியை நடத்துகிறது. சஹானாவும் அதில் இடம்பெற்றிருக்கிறது. அதன் முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களைப் பங்குபற்றச் செய்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2022 முதல் பல்கலைக்கழக மாணவர் அல்லாத, 18 வயதுக்கு மேற்பட்ட புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். உயர்தரத்தில் வெட்டுப்புள்ளியால் வாய்ப்பை இழந்த பிள்ளைகளுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது.

தொடங்க விரும்புவோருக்கு என் அனுபவத்தில் சில விடயங்கள்:

முதலில் ஒரு ஆளைத் தேடுங்கள். சங்கக் கடை முகாமையாளர், பால் சேகரிப்பவர், கடற்றொழிலாளர் சங்கத்தின் பொருளாளர் என யாராகவும் இருக்கலாம். அவர் கொப்பியில் எழுதும் கணக்கை ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். அதில் ஒரேயொரு வேலையை மட்டும் எடுத்துச் செய்யுங்கள்.

சொந்தக் கணினி இல்லாவிட்டால், நூலகத்திலோ பாடசாலையிலோ கிடைக்கும் இரண்டு மணித்தியாலத்துக்கு முன் எல்லாவற்றையும் தாளில் வரைந்து வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

முதல் நாளிலிருந்தே 'கிற்' பயன்படுத்துங்கள். நிரலில் எப்போது என்ன மாற்றினீர்கள் என்பதை அது வரலாறாக வைத்திருக்கும். கிற்ஹப்பில் இலவசமாகக் கணக்குத் திறந்து அங்கே போடலாம். சாதாரண இணையப் பக்கங்களைச் செலவில்லாமல் அங்கிருந்தே வெளியிடலாம். இது யாருக்கானது, எப்படி இயக்குவது, இன்னும் எது சரிவரவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். காணொளியைப் பார்த்துப் பிரதிபண்ணியதா, சொந்தமாகச் செய்ததா என்பது மாற்றங்களின் வரலாற்றைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவிடம் உதவி கேட்டாலும், ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. எங்கள் மக்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கடன் விபரம், காணாமலாக்கப்பட்ட உறவுகளின் விபரம் எதையும் பரீட்சார்த்தமாகக்கூட இணையத்தில் ஏற்றாதீர்கள். பதிவுகள் யார் கைக்குப் போகும் என்ற பயத்துடன் வாழ்ந்தவர்கள் நாங்கள். சோதனைக்குக் கற்பனைப் பெயர்களே போதும். அடுத்தது, 'அனுபவம் கிடைக்கும்' என்று சொல்லி மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை வாங்குபவர்களிடம் கவனமாக இருங்கள். ஊருக்குச் செய்யும் சிறு உதவி வேறு, ஒருவரின் வியாபாரத்துக்கு இலவசமாக உழைப்பது வேறு.

ஒரு திட்டம் செய்தால் மறுநாளே வேலை கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆங்கிலம் தேவை, அடிப்படைக் கணினிக் கல்வி தேவை, பல நிராகரிப்புகளைத் தாங்கவும் வேண்டும். எனக்கும் மூன்று இடங்களில் இல்லையென்றார்கள். ஆனால் போரில் பாடசாலை ஆண்டுகளை இழந்த பிள்ளை ஒன்று, தன் அறிவை எவருடைய சிபாரிசும் இல்லாமல் காட்டக்கூடிய வழி இது.

அந்தக் கடனை அம்மா கட்டி முடித்துவிட்டார். இப்போது அயலில் யாராவது புதிதாகக் கடன் எடுக்கப் போனால், கையெழுத்திட முன்னர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் தொலைபேசியில் கணக்குப் பார்த்துவிட்டே போகிறார்கள்.