வீடு மூழ்கும் வழி: அடமானமும் மீட்புரிமையும்

மீட்கப்படாமற்போன நகையை ‘மூழ்கிவிட்டது’ என்று சொல்வது தமிழர் வழக்கு. பாலாற்றங்கரையில் நகை மட்டும் மூழ்குவதில்லை, வீடும் மூழ்குகிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் வணிகம் தவணையில் நடப்பது. பச்சைத் தோலுக்கு முன்பணம் தரவேண்டும். பதனிட்ட தோலுக்குரிய பணமோ மாதங்கள் கழிந்தே வந்து சேரும். இடைப்பட்ட காலத்தைக் கடன் நிரப்புகிறது. அக்கடனுக்கு ஈடாக வீட்டுப் பத்திரம் செல்கிறது. தவணை தவறிய நாளுக்கும் வீடு கைமாறும் நாளுக்கும் இடையே உடையவனுக்கு எவ்வளவு அவகாசம்? அதனைத் தீர்மானிப்பவர் யார்? அடமானத்தின் வரலாறு முழுவதும் இவ்விரு வினாக்களுள் அடங்கும்.

இவ்வினாக்களை இஸ்லாமியச் சட்டவியல் மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டது. ஈடு வைத்தலை அது ‘ரஹ்ன்’ என்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களது போர்க்கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் ஈடாக இருந்தது என்பதை நாம் அறிவோம். ஈட்டுப் பொருள் அதன் உடையவனுக்கு எதிராகப் பூட்டப்படுவதில்லை என்ற கருத்துடைய நபிமொழியும் உண்டு. குறித்த நாளில் பணம் தராவிடில் பொருள் உனக்கே என்று பேசிக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என இமாம் மாலிக் (ரஹ்) தமது முவத்தாவில் இதனை விளக்குகிறார். கடன் வேறு, உடைமை வேறு. தவணை தவறியதனாலேயே உடைமை மாறிவிடாது என்பதே இதன் சாரம்.

எனினும் தேவை, சட்டத்திற்குப் பக்கவழி தேடும். புகாரா, பல்க் பகுதிகளில் ‘பைஉல் வஃபா’ என்ற முறை பரவியது. விற்பதுபோல் எழுதிக்கொடுத்து, பணத்தைத் திருப்பித் தந்ததும் பொருளைத் திரும்பப் பெறுவது அது. பெயர் விற்பனை, உள்ளே இருப்பது அடமானம். இதனை ரஹ்ன் என்றே கொள்ளவேண்டுமென ஹனஃபி அறிஞர் பலர் கூறினர். இம்முறை இந்தியாவிலும் வழங்கிற்று. வங்காளத்தில் 1806ஆம் ஆண்டின் 17ஆவது ஒழுங்குமுறைச் சட்டம், இத்தகைய பத்திரங்களை மீட்க நீதிமன்ற அறிவிப்பிலிருந்து ஓராண்டு அவகாசம் அளித்தது. சென்னை மாகாணத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை.

சென்னை சதர் அதாலத் 1858 முதல் மீட்புரிமையை ஏற்றுத் தீர்ப்பளிக்கலாயிற்று. ஆனால் 1870இல் பட்டாபிராமய்யர் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், பத்திரத்தில் எழுதியபடியே நடக்கவேண்டும் என்றது. கெடு கடந்தால் வீடு போயிற்று என்பதே அதன் பொருள். 1875இல் தம்புசாமி முதலியாருக்கும் உசேன் ராவுத்தருக்கும் இடையிலான வழக்கில் அதே கவுன்சில் இச்சிக்கலை மீண்டும் ஆராய்ந்தது. நீதிமன்ற நடவடிக்கையால் முடிவுகட்டும் வரை மீட்புரிமை உண்டென ஒரு சட்டம் இயற்றினால் வழக்கு நிலைபெறும் என்று அது யோசனை கூறிற்று. ஏழாண்டுகளுக்குப் பின் வந்த 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், தன் 60ஆவது பிரிவில் மீட்புரிமையை நிலைநாட்டியது. ஒரு ராவுத்தரின் பெயர் தாங்கிய வழக்கு இந்திய அடமானச் சட்டத்தின் வாயிலில் நிற்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

அச்சட்டத்தின் 69ஆவது பிரிவும் கருதத்தக்கது. நீதிமன்றம் செல்லாமலே ஈட்டை விற்கும் அதிகாரத்தை அது மிகச் சுருக்கிற்று. ஆங்கில அடமானம் என்னும் வகையில் அவ்வதிகாரம் கிடைக்க, இரு தரப்பாரும் இந்துவோ முஸ்லிமோ பௌத்தரோ ஆகாதிருக்க வேண்டும். பத்திரத்திலேயே அவ்வதிகாரம் எழுதப்பட்டிருந்தாலும், சொத்து சென்னை போன்ற குறித்த நகரங்களுள் இருந்தாலன்றிச் செல்லாது. ஆகவே ராணிப்பேட்டை முஸ்லிம் ஒருவரின் வீட்டை விற்க விரும்பிய கடன்காரர் நீதிமன்றம் ஏறியே தீரவேண்டியிருந்தது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி முதல்நிலைத் தீர்ப்பு, ஆறு மாத அவகாசம், பின் இறுதித் தீர்ப்பு என வழக்கு நடந்தது. அந்தத் தாமதமே வீட்டுக்காரனுக்குக் கேடயமாயிற்று.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், தோல் பதனிடும் ஆலைகள் கழிவுநீர் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்தாக வேண்டும் என்றது. ஆற்றுக்கும் கிணற்றுக்கும் அது நீதி. தொழிலுக்கோ புதிய முதலீட்டுச் சுமை. அடுத்த சில ஆண்டுகளிலேயே பழைய கேடயமும் விலகியது. 2002இல் வந்த ‘சர்ஃபேசி’ சட்டம், 69ஆவது பிரிவு எவ்வாறிருப்பினும், வங்கிகள் நீதிமன்றத் தலையீடின்றியே ஈட்டைக் கைப்பற்றி விற்கலாம் என்றது.

இன்றைய நடைமுறையை அறிந்திருப்பதே முதற் காப்பு. தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடனாகும். அதற்கு முன்பே வங்கியை அணுகித் தவணையை மாற்றியமைக்கக் கேட்பது எளிது. வாராக்கடனானதும் 60 நாள் அறிவிப்பு வரும். அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தந்தால், வங்கி 15 நாட்களுக்குள் காரணத்துடன் பதிலளிக்க வேண்டும். அடுத்து வங்கி சுவாதீனம் கோரும். மாவட்ட ஆட்சியரின் உதவியையும் நாடும். 2019 நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமானதால் அம்மனு இன்று இவ்வூரிலேயே தாக்கலாகிறது. சுவாதீன நடவடிக்கையை எதிர்த்து 45 நாட்களுக்குள் சென்னையிலுள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். இதற்கு 75 விழுக்காட்டுத் தொகையை முன்கூட்டிச் செலுத்தவேண்டும் என்றிருந்த நிபந்தனையை 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் நீக்கிவிட்டது.

முக்கியமான மாற்றம் ஒன்றைப் பலர் அறியார். விற்பனை முடியும் வரை பணம் கட்டி வீட்டை மீட்கலாம் என்றிருந்த நிலை 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாறியது. ஏல அறிவிப்பு வெளியாகும் வரை மட்டுமே அவ்வுரிமை உண்டென 2023இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. எனவே ஏல நாளன்று பணத்துடன் ஓடுவது பயன் தராது. வங்கியின் எழுத்து இசைவுடன் வீட்டை நாமே நல்ல விலைக்கு விற்றுக் கடனைத் தீர்ப்பதும், ஒரே தவணைத் தீர்வு பேசுவதும் அதற்கு முன்பே நடந்தாக வேண்டும். ஏலம் போனாலும் கடன்போக எஞ்சிய தொகை உரியவருக்கே சேரும். விளைநிலத்தையும், மொத்தக் கடனில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பாக்கியுள்ள கணக்கையும் இச்சட்டம் தீண்டாது.

இதனினும் பெரிய ஆபத்து வங்கிக்கு வெளியே உள்ளது. அவசரத்திற்குத் தனியாரிடம் கடன் வாங்கி, முழுக் கிரயப் பத்திரமே எழுதிக் கொடுத்து, திருப்பித் தருவதாக வாய்ச்சொல்லை நம்பியிருப்போர் நம்மிடையே உண்டு. திரும்ப எழுதித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லையேல் அது அடமானமாகாது என்கிறது 1929ஆம் ஆண்டுத் திருத்தம். கிரயம் எழுதியவர் தம் மீட்புரிமையையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுகிறார். அடமானம் என்றால் அடமானமென்றே எழுதிப் பதிவு செய்யவேண்டும்.

வசதியற்ற கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் பணிக்கிறது. ஸக்காத் பெறத்தக்க எட்டு வகையினருள் கடனில் மூழ்கியோரும் ஒருவர். கல்லூரிகளையும் மதரசாக்களையும் எழுப்பிய இந்தத் தோல் வணிகச் சமூகம், 60 நாள் அறிவிப்பு வந்த வீட்டிற்குக் கைகொடுக்கும் பைத்துல்மால் ஒன்றை ஊர்தோறும் நடத்த இயலாததன்று. வட்டியில்லாக் கடனுடன், அறிவிப்பைப் படித்து விளக்கும் வழக்கறிஞர் ஒருவரும் அங்கே இருத்தல் வேண்டும். முன்பு சட்டத்தின் தாமதம் தந்த அவகாசத்தை இனி நாமே ஒருவருக்கொருவர் தரவேண்டியுள்ளது.