தீவகத்தில் ரொயோட்டா: ஓர் ஊர்தியின் வரலாறு

மன்னர் முடிசூடியதும் போர் புரிந்ததும் மட்டுமே வரலாறு ஆகா. மக்கள் எதனை உண்டனர், எதனை உடுத்தனர், எதன்மீதேறி ஊர் சென்றனர் என்பனவும் வரலாற்றின்பாற் பட்டனவே. தோணியையும் மாட்டு வண்டியையும் பழம்பெருமையோடு பேசும் நாம், இன்று நம் வாசலில் நிற்கும் மோட்டார் வாகனத்தை வரலாற்றுப் பொருளாகக் கருதுவதில்லை. அதுவோ ஒரு தலைமுறையின் செல்வத்தையும் இடரையும் தன்மேற் சுமந்து வந்தது.

இக்கட்டுரை ரொயோட்டா என்னும் ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அது தோன்றிய வகையையும், ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களில் அதனை வைத்திருப்போர் கண்ட அனுபவத்தையும் ஒருங்கே நோக்க முயல்கின்றது. ‘யப்பான் வாகனம் உழைக்கும்’ என்பது நம்மவரிடையே பழமொழி போல வழங்கும் கூற்று. அவ்வுழைப்பு இரும்பின் இயல்போ, அன்றி அதனைப் பேணும் கையின் திறமோ என்பதே ஈண்டு எழும் வினா.

தறியிற் பிறந்த தொழில்

ரொயோட்டாவின் மூலம் மோட்டார்ப் பட்டறையன்று; நெசவுத் தறியே. சக்கிச்சி ரொயோடா (1867-1930) என்பார் யப்பானிய நாட்டுப்புறத் தச்சர் ஒருவரின் மைந்தர். தறியைத் திருத்துவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட அவர், 1924ஆம் ஆண்டில் தானியங்கித் தறியொன்றை நிறைவு செய்தார். இழை அறுந்தால் அத்தறி தானே நின்றுவிடும். குறையோடு கூடிய துணி ஒரு முழமேனும் மேற்கொண்டு நெய்யப்படாது. ஒரு தொழிலாளி பல தறிகளைப் பார்த்துக்கொள்ளவும் கூடும். 1929இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் கம்பனி இத்தறிக்குரிய உரிமையை விலைகொடுத்துப் பெற்றது. உலகுக்கெல்லாம் நெசவுப் பொறிகளை விற்ற நாடு, கீழ்த்திசைத் தச்சர் மகனின் நுட்பத்தை வாங்கியமை நினைவிற் கொள்ளத்தக்கது.

அவர் மைந்தர் கீச்சிரோ, 1933இல் தறித் தொழிற்சாலையினுள்ளே மோட்டார்ப் பகுதியொன்றைத் தொடங்கினார். 1935இல் ஜி1 என்னும் லொறியும், 1936இல் ஏஏ என்னும் காரும் விற்பனைக்கு வந்தன. 1937இல் அப்பகுதி தனிக் கம்பனியாயிற்று. குடும்பப் பெயர் ரொயோடா. ஊர்திக்கு இட்ட பெயர் ரொயோட்டா. பின்னையது யப்பானிய எழுத்தில் எட்டுக் கோடுகளால் எழுதப்படுவது. எட்டென்பது அந்நாட்டில் நற்பேற்றின் எண். நாள், கோள் பார்க்கும் நமக்கு இது வியப்பளிக்க மாட்டாது.

தோல்வி தந்த கல்வி

ஆயினும், நல்லெண் ஒன்றே நன்மை தந்துவிடவில்லை. முதல் லொறிகள் வழியில் அடிக்கடி பழுதுற்று நின்றன. கம்பனியார் நின்ற இடந்தேடிச் சென்று திருத்தினர். பழுதுற்ற உறுப்பைத் தொழிற்சாலையில் மாற்றியமைத்தனர். போருக்குப் பின் நிகழ்ந்த பொருள் நெருக்கடியால் தொழிலாளர் பலர் விலக்கப்பட்டனர். அதற்குப் பொறுப்பேற்றுக் கீச்சிரோவும் 1950இல் பதவி துறந்தார். அவ்வாண்டே மூண்ட கொரியப் போரில் அமெரிக்கப் படைக்கு வேண்டிய லொறிகளைச் செய்யும் வாய்ப்புக் கிட்டிற்று, கம்பனி பிழைத்துக்கொண்டது.

1957இல் ‘கிரவுண்’ என்னும் காரை அமெரிக்காவுக்கு அனுப்பினர். யப்பானின் கரடுமுரடான தெருக்களுக்கென அமைந்த அக்கார் அமெரிக்க நெடுஞ்சாலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டாது இளைத்தது. 1960இல் கார் ஏற்றுமதியை நிறுத்திவைத்துக் குறைகளை ஆராய்ந்தனர். இன்று உழைப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பெயர், அன்று இகழ்ச்சிக்கு இலக்காய் நின்றதென்பதை நாம் மறத்தலாகாது.

இத்தோல்விகளிலிருந்து அவர்களை மீட்டது பழைய தறியின் கொள்கையே. தைய்ச்சி ஓனோ என்னும் பொறியியலாளர் அதனை மோட்டார்த் தொழிற்சாலையிற் புகுத்தினார். குறையொன்றைக் காணும் தொழிலாளி எவனும் வேலையை நிறுத்துவிக்கலாம். காரணம் அறியப்பட்டபின்னரே வேலை தொடரும். இழை அறுந்தால் தறி நிற்பது போன்றதே இது. 1966இல் ‘கொரொல்லா’ காரும் 1967இல் ‘ஹைஏஸ்’ வானும் வெளிவந்தபோது, அவற்றின் பின்னே முப்பதாண்டுப் பிழைதிருத்தம் நின்றது.

நம் நாட்டுக்கு வந்தவாறு

ஆங்கிலேயர் ஆட்சியிலும் அதன்பின் சில காலமும் நம் தெருக்களில் ஓடியவை பெரும்பாலும் ஆங்கிலக் கார்களே. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலியன யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பெயர்களாயின. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி குன்றியமையால் அரசு கார் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. புதியன வாராமையால், வந்தவற்றை வைத்துக் காப்பதே வழியாயிற்று. அக்காலத்தில் நம் கராஜ்காரர் உதிரிப்பாகத்தை வாங்கிப் பூட்டுவோராக மட்டும் இருக்கவில்லை; கடைந்தும் ஒட்டியும் தாமே செய்துகொண்டனர். அருமை ஒரு கல்லூரியாய் அமைந்தது எனலாம்.

1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டது. யப்பானிய வாகனங்கள் பெருகி வந்தமைக்கு இரண்டு காரணங்கள் காட்டலாம். யப்பானியரும் நம்மைப் போலத் தெருவின் இடப்பக்கத்தே வாகனம் செலுத்துவோர். ஆதலின் அவர் பாவித்த வாகனம் மாற்றமின்றி நமக்குப் பொருந்தும். அன்றியும், அந்நாட்டில் புதுக்கார் மூன்றாண்டில் ஒருமுறையும் அதன்பின் ஈராண்டுக்கொருமுறையும் கடும் பரிசோதனைக்கு உட்படவேண்டும். அதற்காகுஞ் செலவு கருதிப் பலர் நல்ல நிலையிலுள்ள வாகனத்தையும் விற்றுவிடுவர். அங்கே பழையது இங்கே புதியதாயிற்று.

1979இல் தனியார் பஸ் சேவைக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டபோது, யப்பானிய வான்களும் சிறு பஸ்களும் தெருக்களில் மிகுந்தன. தென்னிலங்கையில் வணிகஞ்செய்து பொருளீட்டிய தீவகத்தாரும், கடல்கடந்து உழைத்தவரும் வான் வாங்கினர். தீவகத்தில் வான் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. திருமணத்துக்கும் செத்த வீட்டுக்கும், நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் செல்வோரைக் குறிகட்டுவான் துறையில் இறக்குவதற்கும் அதுவே உதவிற்று. நள்ளிரவில் பேறுகால வேதனையுற்ற பெண்ணைப் புங்குடுதீவிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல, தாம்போதிகளைக் கடந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஓடவேண்டும். அவ்விரவில் இயந்திரம் ஒரே திருகலில் உயிர்த்தெழுமா என்பது ஈருயிர் பற்றிய வினா. வாகனத்தின் நம்பகம் என்பது இங்கே விளம்பரச் சொல்லன்று.

முற்றுகையில் முதியவை

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. 1990இலும் 1991இலும் தீவக மக்களிற் பெரும்பகுதியினர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். விட்டுவந்த வாகனங்கள் வெற்று முற்றங்களில் உப்புக்காற்றுக்கு இரையாயின. குடாநாட்டிலோ பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி முதலியன தடுக்கப்பட்டன. மண்ணெண்ணெய் மட்டும் அளவாக, கொள்ளை விலைக்குக் கிடைத்தது.

இந்நிலையிலேதான் வரலாறு விந்தையானதொரு தீர்ப்பை வழங்கிற்று. சந்தையில் யப்பானிய வாகனத்துக்குத் தோற்று ஒதுங்கிய ஒஸ்ரினும் மொறிசும் மீண்டும் தெருவுக்கு வந்தன. காரணம் வெளிப்படை. பெற்றோல் இயந்திரத்தினுள் எரிபொருட் கலவை எத்துணை மடங்கு அமுக்கப்படுகின்றதோ அத்துணைக்கு நல்ல எரிபொருள் வேண்டும். பழைய ஏ40இல் அவ்வமுக்கம் ஏறத்தாழ 7 மடங்கு. முதற் கொரொல்லாவில் 9 மடங்கு. மண்ணெண்ணெய் மிகுந்த அமுக்கத்தைத் தாங்காது. முறைதவறி வெடித்து இயந்திரத்தைத் தட்டும். குறைந்த அமுக்கத்தில் ஒருவாறு பொறுத்தெரியும். ஆகவே, சிறு குப்பியிலிருந்து சில துளி பெற்றோலைக் கார்புரேற்றரின் வாயில் ஊற்றி இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். அவை வெண்புகை கக்கிச் சென்றதும், அப்புகை பள்ளிக்கூடம் வரை எம் உடையில் மணத்ததும் அன்று சிறுவராயிருந்த எம்மனோர்க்கு நினைவுண்டு.

இதனால் இயந்திரத்துக்குக் கேடு விளையாமலில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். உறுப்புகள் விரைவிற் தேயும். டீசல் வான்களும் மண்ணெண்ணெயில் ஓடும். ஆயின் அதில் வழுவழுப்புக் குறைவாதலின் எரிபொருட் பம்பு தேயும். அதற்காக ஒயில் கலந்தனர். இவை எந்தக் கைநூலைப் படித்தும் செய்யப்பட்டவையல்ல. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் உருவான கைத்திறனே 1990களின் முற்றுகையில் ஆம்புலன்சையும் வாடகைக் காரையும் ஓடவைத்தது. சிறந்த ஊர்தி எது என்ற வினாவுக்கு எக்காலத்துக்கும் பொருந்தும் விடை இல்லை. எத்தகைய காலத்தில், யார் கையில் என்றும் உடன் வினவல் வேண்டும். கொழும்பில் ரொயோட்டா லங்கா கம்பனி நிறுவப்பட்டதும், யாழ்ப்பாணத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேறியதும் 1995ஆம் ஆண்டிலேயே.

உப்புக்காற்றின் தீர்ப்பு

2002இல் ஏ9 வீதி திறந்தபோதும், இடையில் அடைபட்டு 2009இன் பின் நிலையாகத் திறந்தபோதும், யப்பானிய வாகனங்கள் மீண்டும் வடக்கே வந்தன. அவற்றுள் தீவகத்தார் மனத்திற் பெரிதும் இடம்பெற்றது ‘டொல்பின்’ எனப் பட்டப்பெயர் பெற்ற ஹைஏஸ் வான். அதன் 2.8 லீற்றர் டீசல் இயந்திரத்தின் எளிமையே அதற்குக் காரணமாகும். மின்னணு நுட்பம் மிகாத அவ்வியந்திரத்தின் நோயைக் காதாற் கேட்டே சொல்லவல்ல கராஜ்காரர் ஊர்தோறும் உளர். இயந்திரம் பல இலட்சம் கிலோமீற்றர் ஓடியபின்னும் உடம்பே முதலில் வீழ்ந்துபடுகின்றதென்பது உரிமையாளர் பலரின் ஒருமித்த கூற்று.

அதற்கும் காரணம் உண்டு. தாம்போதிகளில் இருபுறமும் கடல். அலைத்திவலை வாகனத்தின் அடியிற் படிந்து உப்பாய் உறையும். உப்பு ஈரத்தை ஈர்த்து இரும்பைத் தின்னும். துரு சக்கர வளைவிலும் தளத்திலும் தொடங்கி, வெளிப்பூச்சின் பளபளப்புக் குன்றுமுன்னரே உள்ளே ஊடுருவிவிடும். கிணற்று நீரோ பலவிடத்தும் உவர். அதனை ரேடியேற்றரில் வார்த்தால் குழாய்கள் அடைபடும். ஆகவே, மழைநீரைச் சேர்த்து வார்ப்பதும், நன்னீர் கிடைக்கும் இடத்தில் அடிப்பாகத்தைக் கழுவுவதும், பழைய ஒயிலை அடியிற் பூசுவதும் பட்டறிந்தோர் கைக்கொண்ட முறைகள். யப்பானிய பொறியியலாளர் எழுதாத இவ்விதிகளை நம் சாரதிகள் எழுதினர்.

நெடுந்தீவின் நிலை இன்னும் அரிது. பாலமில்லாத அத்தீவுக்கு வாகனமும் உதிரிப்பாகமும் கடல்வழியே வருதல் வேண்டும். குறிகட்டுவானிலிருந்து படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. சிறு உறுப்பொன்று ஒடிந்தாலும் வாகனம் நாட்கணக்காக நிற்கும். அங்கே ஆளையும் பொருளையும் ஏற்றிச்செல்லும் இருசக்கர உழவு இயந்திரத்தை இன்றும் ‘லான்ட்மாஸ்டர்’ என்பர். அஃது ஆங்கிலப் பொறியொன்றின் பெயர். பின்னர் வந்த யப்பானியப் பொறிகளுக்கும் அப்பெயரே நிலைத்தது. பொறி மாறினும் பெயர் மாறாமை மொழி வரலாற்றுக்கும் ஒரு சான்று.

இனி வருவது

1997இல் ரொயோட்டா ‘பிறியஸ்’ என்னும் ஹைபிரிட் காரை வெளியிட்டது. அதுவும் அதன்பின் வந்த ‘அக்குவா’வும் நம் தெருக்களிலும் ஓடுகின்றன. எரிபொருட் சிக்கனத்தை உரிமையாளர் மெச்சுகின்றனர். 2022இன் எரிபொருள் நெருக்கடியில் வாரப் பங்கீட்டை வைத்து ஓடியவர்க்கு அதன் அருமை நன்கு விளங்கிற்று. ஆயின் பின்னிருக்கையின் அருகே அமைந்த பெரும் பற்றரி சூடாறுவதற்குக் காற்று வேண்டும். காற்றுப்புகும் வழி புழுதியால் அடைபட்டாற் பற்றரியின் ஆயுள் குன்றும். மாற்றுஞ் செலவோ பெரிது. நோயைக் காதாற் கேட்டறிந்த கராஜ்காரர் இங்கே கணினியின் துணையின்றி எதுவும் செய்ய இயலாது நிற்கின்றார்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. நமது வரலாற்றில் இக்கதவு அடைபடுவதும் திறப்பதும் மாறிமாறி நிகழ்வன. அடைபட்ட காலங்களில் நம்மைக் காத்தது, வாகனத்தைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் அறிந்த கை. அக்கையோ இன்று முதுமையுறுகின்றது, இளைஞர் கடல்கடக்கின்றனர். பழைய திறம் போய்ப் புதிய திறம் வாராதிருப்பின், அடுத்த நெருக்கடியில் நல்ல வாகனமும் முற்றத்தில் நிற்கும் இரும்பேயாகும்.

ஆகவே, நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை இதுவெனத் துணியலாம். ரொயோட்டாவின் உழைப்பு யப்பானில் பாதி செய்யப்பட்டது. மறுபாதி அதனை வைத்திருப்போர் ஊரிற் செய்யப்படுகின்றது. இரண்டிடத்தும் அதற்கு அடிப்படை ஒன்றே: குறையை மறையாது கண்டு, வேலையை நிறுத்தி, காரணம் அறிந்து திருத்துதல். மாணவர்கள் தத்தம் ஊர்க் கராஜுக்குச் சென்று, முதிய கைவினைஞரிடம் கேட்டு, மண்ணெண்ணெய்க் காலத்து நுட்பங்களை அவர் உள்ளபோதே எழுதிவைப்பார்களாக. அத்தோடு அமையாது, மின்னணு வாகனத்தின் உள்ளமைப்பையும் அதே ஊக்கத்தோடு கற்பார்களாக. நள்ளிரவில் தாம்போதியைக் கடக்கவேண்டிய தாய்மார் இனியும் உளர்.